கடுக்கனைக் கழட்டச் சொன்ன கதை

எட்டயபுரம்னு ஊர்ப் பேரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். ஒண்ணு, "ஆஹா, பாரதி பொறந்த ஊரா!" என்று கண் விரியும். இல்லாட்டி ஒரு நமுட்டுச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்னு எங்க ஊர்க்காரங்க எல்லாருக்கும் தெரியும். காலேஜ் ஹாஸ்டலில் எனக்கு மூணு வருஷம் அதுதான் பட்டப்பேர். பர்ஸ் காணாமப் போனாலும் என்னைப் பார்ப்பானுங்க, மெஸ்ஸில் கணக்கு உதைச்சாலும் என்னைப் பார்ப்பானுங்க. :-)

இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லை. ஆனா அங்கேதான் போய் இடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

போன தடவை ஊருக்குப் போனப்ப பட்டாளத்து மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கரிசல் பக்கம் ஒவ்வொரு கிராமத்துலயும் ஒரு பட்டாளத்து மாமா இருப்பார். மானாவாரி பூமி, மழை பெஞ்சாத்தான் பருத்தி, உளுந்து, கம்பு. பெய்யலைன்னா ஒண்ணு தீப்பெட்டி ஆபீஸ், இல்லாட்டி பட்டாளம். பாளையங்கோட்டையில் ஆள் எடுக்காங்கன்னு தெரிஞ்சா ராத்திரியே பஸ் ஏறி, விடியக்காலையில் மைதானத்தில் ஓடி, நெஞ்சை விரிச்சுக் காட்டி, பாதிப்பேர் அழுதுகிட்டே திரும்பி வருவாங்க. மாமா திரும்பி வராத பாதியில் ஒருத்தர். ஹவில்தாரா ஓய்வு பெற்று வந்து வருஷம் பல ஆச்சு.

அத்தைக்கு உடம்புக்கு வைத்தியம் பார்க்க வேலூருக்குப் போயிருக்கார். நாலு நாள் சும்மா இருக்கணும்னு சொல்லிட்டாங்களாம். சும்மா இருக்கிற மனுஷனா அவர்? கோட்டையைச் சுத்திப் பார்த்திருக்கார், சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைப் பார்த்திருக்கார். என்னைக் கண்டதும் முதல் கேள்வியே இதுதான்.

"ஏ மாப்ள, நீதான் சரித்திரம் கிரித்திரம்னு எழுதுதியே. ஒரு தலைப்பாகைக்காகவா அத்தன பேரு வெட்டிக்கிட்டுச் செத்தாம்?"

"அப்படித்தான் மாமா பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க" என்றேன்.

மாமா ஒண்ணும் சொல்லலை. காதைத் தடவிக்கிட்டார். அந்தக் காதைப் பத்திக் கடைசியில் சொல்றேன்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் கையில் கிடைச்சதை எல்லாம் படிச்சேன். படிச்சப்ப ஒரு பேர் கண்ணில் பட்டுது, அதோட தூக்கம் போச்சு. அந்தப் பேர் அக்னியூ.

கட்டபொம்மன் கதை எல்லாருக்கும் தெரியும், சிவாஜி புண்ணியத்துல. 1799 அக்டோபர் 16, கயத்தாறு, புளியமரம். படம் அதோட முடிஞ்சுடும். ஆனா சண்டை அதோட முடியலை. தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பிச்சு வந்து, இடிச்சுப் போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடியும் எழுப்பினார். மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலே தலைமையில் வந்த கம்பெனிப் படை அந்த மண்கோட்டையில் முட்டி மோதி, செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டுத் திரும்பிச்சு. அப்புறம் பெரிய பீரங்கிகளோட வந்து மே 24 அன்று கோட்டையைப் பிடிச்சவர் கர்னல் அக்னியூ. கோட்டை தரைமட்டம். நிலத்தில் ஒரு பகுதி எங்க ஊர் ஜமீனுக்குப் போச்சு. ஆமா, எட்டயபுரம் ஆட்கள் கம்பெனி பக்கம்தான் நின்னாங்க. மறைக்க என்ன இருக்கு?

இந்தச் சண்டையில் கம்பெனி அதிகாரியா இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பிற்காலத்தில் தன் நினைவுகளைப் புத்தகமா எழுதினார். அதில் ஒரு சம்பவம் சொல்றார். கோட்டை விழுந்த அன்னிக்குக் குத்துயிரும் குலையுயிருமா கிடந்த தன் மகனைத் தேடி ஒரு தாய் வருகிறாள். மகன் பிழைக்க மாட்டான். அவன், 'என்னை விடு, அந்தா கிடக்கிற நம்ம சாமியைக் காப்பாத்து' என்று பக்கத்தில் காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைக் காட்டுகிறான். அவரைத் தூக்கிட்டுப் போய் ஒரு வீட்டில் கிடத்துறாங்க. தேடிக்கிட்டு வந்தது யாரு? எங்க எட்டயபுரத்து ஆட்கள்தான். பொம்பளைங்க உடனே வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்துட்டான்னு ஒப்பாரி வைக்க, வந்தவங்க எடுத்தாங்க ஓட்டம். எங்க ஊர்க்காரன் பயந்து ஓடினதை நினைச்சு நான் சந்தோஷப்பட்ட ஒரே இடம் இதுதான்.

சண்டை எல்லாம் ஓய்ஞ்சுது. மருது சகோதரர்களை அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிட்டாங்க, ஊமைத்துரையை நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே. டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் போட்ட பிரகடனத்தால் பாளையத்து ஆட்கள் இனி ஆயுதம் வச்சுக்கக் கூடாதுன்னு ஆச்சு. இங்கே கொஞ்சம் நின்னு யோசிக்கணும். பாளையங்களில் பரம்பரை பரம்பரையா வேலும் வாளும் பிடிச்சே சோறு தின்னவன் ஆயிரக்கணக்கில் இருந்தான். காவலுக்குப் போவான், கூப்பிட்டா சண்டைக்குப் போவான். ஒரே காகிதத்தில் அவன் தொழில் போச்சு. கரிசல்ல மழையும் இல்லை. அவன் எங்கே போவான்?

தோற்கடிச்சவன் பட்டாளத்துக்கே போனான்.

வேலூர்க் கோட்டையில் 1806-ல் மூணு இந்தியப் படைப்பிரிவுகள் இருந்தன. 1-ம் ரெஜிமெண்டின் இரண்டு பட்டாலியன்கள், 23-ம் ரெஜிமெண்டின் 2-வது பட்டாலியன். இந்தக் கடைசிப் பட்டாலியனில் திருநெல்வேலிச் சீமை ஆட்கள் நிறைய. பாளையக்காரர்களிடம் சேவகம் பண்ணி, வேலை போனவங்களும் அதில் இருந்தாங்க.

அந்தச் சமயத்தில் சென்னைப் படையின் அட்ஜுடண்ட் ஜெனரல் யார் தெரியுமா? அதாவது சிப்பாய் என்ன உடுத்தணும், எப்படி நிக்கணும்னு உத்தரவு தயார் பண்ற நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்? அதே அக்னியூ. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடிச்ச கையால் புதுத் தலைப்பாகைக்கு மாதிரி தயார் பண்ணினார்!

சரி, அந்தத் தலைப்பாகையில் அப்படி என்ன இருந்தது? பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'தோல் குஞ்சம்'னு ஒரு வரியில் முடிச்சுடுவாங்க. விஷயம் அதுக்கு மேல. பழைய தலைப்பாகை துணி. புதுசு பார்க்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி இருந்துது. அதில் தோலால் செஞ்ச ஒரு குஞ்சம். மாட்டுத் தோலா, பன்றித் தோலான்னு இந்து ஒரு பக்கமும் முஸ்லிம் ஒரு பக்கமும் பதறினாங்க. நம்ம ஊரில் தொப்பிக்காரன்னா யாரு? வெள்ளைக்காரன். அதைப் போட்டுக்கிட்டு லீவுல வீட்டுக்குப் போனா சொந்தக்காரன் பந்தியில் பக்கத்தில் உட்காருவானா, பொண்ணு கட்டுவானா? அடுத்து வேதத்தில் சேர்த்துடுவாங்கன்னு பேச்சு. சிப்பாய்க்குச் சம்பளம் குறைவு. எத்தனை வருஷம் மாரடிச்சாலும் சுபேதாருக்கு மேலே போக முடியாது, முப்பது வருஷ சுபேதாரும் நேத்து கப்பலில் வந்து இறங்கின மீசை முளைக்காத வெள்ளைக்காரப் பையனுக்கு சல்யூட் அடிக்கணும். 1805-ல் பஞ்சம் வேற. அப்படிப்பட்டவனிடம் மிச்சம் இருந்தது ஊரில் கிடைக்கிற மரியாதை ஒண்ணுதான். அதிலதான் கை வச்சாங்க.

தலைப்பாகையோட போகலை. பிரதம தளபதி சர் ஜான் கிரடாக் இந்தியாவுக்குப் புதுசு. பட்டாளத்துக்குப் பட்டாளம் வேற வேற விதிகள் இருக்கே, எல்லாத்தையும் ஒரே புத்தகமாத் தொகுப்போம்னு கிளம்பினார். நல்ல எண்ணம்தான். அந்தத் தொகுப்பில் ஒரு பத்தி நுழைஞ்சுது. சீருடையில் இருக்கும்போது நெத்தியில் சாதி, சமயக் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடையை மழிச்சிருக்கணும். மீசை எல்லாருக்கும் கூடியவரை ஒரே அளவா இருக்கணும். 1806 மார்ச்சில் சர்க்கார் ஒப்புதல் குடுத்தாச்சு. ஒப்புதல் குடுத்த கவர்னர் பெண்டிங்க் பிரபுவும் கவுன்சிலும் அந்தப் பத்தியைக் கவனிச்ச மாதிரியே தெரியலை. கட்டுக் கட்டா ஃபைல் வந்தா கையெழுத்து போடுற வியாதிக்கு இருநூறு வருஷத்துக்கு மேல வயசாச்சுன்னு இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

சிப்பாய்கள் எடுத்த உடனே துப்பாக்கியைத் தூக்கலை. அதைத்தான் நம்ம பாடப்புத்தகம் வேகமா ஓடித் தாண்டிடுது. முதல்ல அவங்க 'மாட்டேன்'னு சொன்னாங்க, அவ்வளவுதான். 1806 மே 6 அன்று வேலூரில் இருந்த 4-ம் ரெஜிமெண்ட் 2-வது பட்டாலியன் சிப்பாய்கள் புதுத் தலைப்பாகையைத் தொட மாட்டோம்னு நின்னாங்க. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் சென்னைக்கு எழுதினார். வந்த பதில் குதிரைப்படை. சிப்பாய்களைக் காவலோட சென்னைக்குக் கொண்டுபோய் விசாரிச்சாங்க. ஒரு இந்து, ஒரு முஸ்லிம், ஆளுக்கு 900 சாட்டையடி, வேலையும் போச்சு. இன்னும் 19 பேருக்கு ஆளுக்கு 500 அடி. அவங்க மன்னிப்புக் கேட்டதால் விட்டுட்டாங்க.

900. எண்ணிப் பாருங்க. நான் உட்கார்ந்து ஒண்ணு, ரெண்டுன்னு நிஜமாவே எண்ணிப் பார்த்தேன். 200-க்கு மேல எண்ண முடியலை, வாய் வலிச்சுது.

அடுத்தது முஸ்தபா பேக். ஜூன் 17 அன்று, அதாவது புரட்சிக்கு மூணு வாரத்துக்கு மேல முன்னாடியே, 1-ம் ரெஜிமெண்ட் சிப்பாய் முஸ்தபா பேக் தன் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், இங்கே பெரிய விபரீதம் தயாராகுதுன்னு சொல்லிட்டார். ஃபோர்ப்ஸ் என்ன பண்ணினார்? இந்திய அதிகாரிகள் கொண்ட ஒரு குழுவை விசாரிக்கச் சொன்னார். அந்த அதிகாரிகளே திட்டத்துக்கு உடந்தை! 'அவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுங்க'ன்னு அறிக்கை குடுத்துட்டாங்க. முஸ்தபா பேக்குக்கு விலங்கு. எல்லாம் முடிஞ்சப்புறம் கூப்பிட்டுப் பரிசும் பென்ஷனும் குடுத்தாங்க.

சொல்றவன் பைத்தியம்னு முடிவு பண்றது எவ்வளவு வசதி பாருங்க. இதுல எனக்கு ஒரு சங்கடம் வேற. சிப்பாய்கள் கண்ணில் இந்த முஸ்தபா பேக்கும் ஒரு 'எட்டப்பன்'தான். காட்டிக்கொடுத்தவன். ஆனா அவர் பேச்சைக் கேட்டு அன்னிக்கே அந்தத் தொப்பியைத் தூக்கிக் கடாசியிருந்தா, ரெண்டு பக்கத்திலும் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்? ஹாஸ்டலில் என்னைக் கிண்டல் பண்ணினவனுங்க கிட்ட இந்தக் கேள்வியைக் கேட்கணும்னு ஆசை. இப்ப எல்லாரும் வெளிநாட்டுல இருக்கானுங்க.

சென்னையிலும் கசமுசா தெரிஞ்சுது. ஜூன் கடைசியில் கிரடாக்கே கவர்னருக்கு எழுதினார். ஜூலை முதல் வாரம், மத விஷயத்தில் தலையிடும் எண்ணம் எங்களுக்கு இல்லைன்னு விளக்கி ஒரு உத்தரவு போடலாமான்னு யோசிச்சாங்க. அப்புறம், எல்லாம் அமைதியாத்தானே இருக்கு, நாமளே கிளறுவானேன்னு வச்சுட்டாங்க.

ஜூலை 9 ராத்திரி. மறுநாள் காலையில் பரேடு. குடும்பத்தோட கோட்டைக்கு வெளியே குடிசைகளில் தங்குற சிப்பாய்கள் அன்னிக்குக் கோட்டைக்குள்ளேயே படுத்தாங்க. விடியறதுக்கு முன்னாடி, ரெண்டு மணி வாக்கில் முதல் வேட்டு. ஃபேன்கோர்ட் செத்தார். 14 அதிகாரிகளும், 69-ம் ரெஜிமெண்டைச் சேர்ந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நூறு பேருக்கு மேலும் செத்தாங்க. பாதிப்பேர் தூக்கத்திலேயே. ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடந்த நோயாளிகளையும் விடலை. முதல் சுதந்திரப் போர்னு மேடையில் முழங்குறவங்க இந்த இடத்தில் தண்ணி குடிக்கப் போயிடுவாங்க. நான் போக விரும்பலை. காய்ச்சலோட படுத்துக்கிடந்தவனைச் சுட்டதை வீரம்னு எழுத எனக்குக் கை வரலை. அந்த 69-ம் ரெஜிமெண்டுக்காரனும் வயித்துப்பாட்டுக்குக் கப்பல் ஏறின ஏழைதான், அவன் முதுகிலும் சாட்டைத் தழும்பு இருந்திருக்கும்.

விடிஞ்சப்போ கோட்டையில் திப்புவின் கொடி. திப்புவோட பிள்ளைகளை அங்கேதான் சிறை வச்சிருந்தாங்க. வெளியே இருந்த ஒரு அதிகாரி ஆற்காட்டுக்கு ஆள் அனுப்ப, கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோட 16 மைலைப் பறந்து வந்தார். வாசலுக்கு மேலே இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கள் தோல் வார்களை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி அவரை மதில் மேல தூக்கினாங்க. அப்புறம் பீரங்கி வந்துச்சு, வாசல் உடைஞ்சுது. பகலுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. அரண்மனைப் பக்கம் ஒளிஞ்சிருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டாங்க. மொத்தம் எத்தனை சிப்பாய் செத்தான்னு புத்தகத்துக்குப் புத்தகம் கணக்கு மாறுது, 350-ல் இருந்து 800 வரைக்கும் போகுது. வெள்ளைக்காரன் கணக்கு மட்டும் ஒற்றை இலக்கம் வரைக்கும் சுத்தமா இருக்கு.

விசாரணைக்கு அப்புறம் 6 பேர் பீரங்கி வாயில். 5 பேரைச் சுட்டாங்க, 8 பேருக்குத் தூக்கு, 5 பேர் நாடு கடத்தல். மூணு பட்டாலியனையும் கலைச்சாச்சு. ஜூலை மாசமே அந்தத் தலைப்பாகை உத்தரவும் ரத்து!

இங்கே எங்க பக்கத்துக்கு வரேன். வேலூர்க் கிலி அடங்கலை. 1806 நவம்பரில் பாளையங்கோட்டையில் தளபதியா இருந்தவர் யார்? மேலே சொன்ன அதே ஜேம்ஸ் வெல்ஷ். ஒப்பாரி வைச்ச பெண்களைப் பத்தி அத்தனை ஈரத்தோட எழுதின மனுஷன். சதி நடக்குதுன்னு ஒரு தகவல் வந்ததும், முஸ்லிம் அதிகாரிகளைப் பிடிச்சு உள்ளே வச்சு, நானூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதத்தைப் பறிச்சுக் கோட்டையை விட்டு வெளியேத்திட்டார். அந்தச் சிப்பாய்கள் மேல் அவநம்பிக்கை வைக்க அவங்க மதம் ஒண்ணே போதுமானதா இருந்துது. அப்புறம் வெல்ஷ் மேல ராணுவ விசாரணை நடந்து விடுதலையும் ஆனார். வெளியே துரத்தின அந்த நானூத்திச் சொச்சம் பேர், நேத்து வரைக்கும் தோளில் சுமந்த துப்பாக்கி இல்லாம, பாளையங்கோட்டைத் தெருவில் எப்படி நடந்து போயிருப்பாங்கன்னு நினைச்சுப் பார்க்கிறேன். ஊரார் வாசலில் நின்னு பார்த்திருப்பாங்க இல்லையா.

லண்டனில் கம்பெனி இயக்குநர்கள் 1807-ல் பெண்டிங்க்கையும் கிரடாக்கையும் திரும்பக் கூப்பிட்டாங்க. அக்னியூவுக்கும் அதே கதிதான். கிரடாக்குக்குக் கப்பல் கட்டணம்கூடத் தர மாட்டோம்னுட்டாங்களாம்.

இதில் பெண்டிங்க் கதை சுவாரசியம். அவமானப்பட்டுப் போன அதே மனுஷன் 1828-ல் கவர்னர் ஜெனரலா திரும்பி வந்தார். சதியை ஒழிச்சவர்னு நாம் படிக்கிறது இவரைத்தான். ஊருக்குக் கிளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1835 பிப்ரவரியில், இந்தியச் சிப்பாய்களுக்குச் சாட்டையடி கிடையாதுன்னு உத்தரவு போட்டார். 900 அடிக் கணக்கு அவர் மனசில் இருந்துதா? எனக்கு என்னமோ இருந்திருக்கும்னுதான் படுது. (அதே 1835 தீபாவளி அன்னிக்குத்தான் எங்க ஊரில் முத்துசாமி தீட்சிதர் காலமானார். சம்பந்தம் ஒண்ணும் இல்லை, எங்க ஊர்ப் பெருமையை எங்கேயாவது செருகணுமே!)

கூத்து என்னன்னா, இந்த உத்தரவு இந்தியச் சிப்பாய்க்கு மட்டும். பக்கத்து பாரக்ஸில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சாட்டை தொடர்ந்துச்சு. கறுப்பனுக்கு இல்லாத அடி எனக்கா என்று அவன் கேட்டது நியாயம்தானே. 1845-ல் ஹார்டிங்க் பிரபு, இந்தியச் சிப்பாய்க்கும் மறுபடி கொண்டுவந்துட்டார். பிரிட்டிஷ் ராணுவத்தில் சாட்டை 1881-ல் ஒழிஞ்சுது. இந்தியச் சிப்பாய்க்கு? 1920-ல். நம்மாளுங்க முதல் உலகப்போரில் பிரான்ஸ் சேற்றில் செத்து முடிச்சப்புறம்.

சாட்டை போச்சு, நாக்கு போகலை. 1946 பிப்ரவரி 18, பம்பாயில் 'தல்வார்' கடற்படைத் தளத்தில் மாலுமிகள் சாப்பாட்டைத் தொட மாட்டோம்னு உட்கார்ந்தாங்க. சாப்பாடு மோசம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கமாண்டர் கிங் என்பவர் மாலுமிகளைப் பெத்தவங்களை இழுத்துத் திட்டினது. கூலிக்காரன் பெத்ததுங்களான்னு ஆரம்பிச்சு அதுக்கு மேலே நான் இங்கே எழுத முடியாதது வரைக்கும். இங்கேயும் மாலுமிகள் முதல்ல செஞ்சது முறைப்படி எழுத்தில் புகார் குடுத்ததுதான். நடவடிக்கை இல்லை. நாலஞ்சு நாளில் எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள், சுமார் 20,000 மாலுமிகள். கராச்சி வரைக்கும் பரவி பீரங்கிச் சத்தம் கேட்டுச்சு. வேலூரில் நடந்ததுதான், 140 வருஷம் கழிச்சு, தண்ணியில.

சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த 1950 ராணுவச் சட்டத்தைப் புரட்டினேன். வக்கீல் நண்பர் ஒருத்தர் குடுத்தார். 26-ம் பிரிவு, மேலதிகாரி தனக்கு அநீதி செஞ்சதா நினைக்கிற சிப்பாய் புகார் குடுக்கலாம், புகார் அந்த அதிகாரி மேலேயே என்றால் அவருக்கு மேலே இருப்பவரிடம் போகலாம்னு சொல்லுது. 47-ம் பிரிவு, கீழே உள்ளவனை அடிச்சாலோ கொடுமைப்படுத்தினாலோ ராணுவ நீதிமன்றம் 7 வருஷம் வரைக்கும் சிறை தரலாம்னு சொல்லுது. 2007-ல் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குத் தனிச் சட்டமே வந்துது. காகிதத்தில் முஸ்தபா பேக்குக்கு இப்ப வழி இருக்கு. நடப்பில்? 2017 ஜனவரியில் எல்லைக் காவல் படை வீரர் ஒருத்தர், தட்டில் இருந்த கருகின ரொட்டியையும் தண்ணிப் பருப்பையும் வீடியோ எடுத்துப் போட்டது நாடு முழுக்க ஓடிச்சு. ஏப்ரலில் அவர் வேலை போச்சு. அதே ஜனவரியில் ராணுவத் தளபதி, குறையிருந்தா வீடியோ போடாதீங்க, புகார்ப் பெட்டி வைக்கிறோம், அதில் போடுங்கன்னார். பெட்டி நல்லதுதான். பெட்டியைத் திறக்கிறவர் யாருங்கிறதுலதான் சூட்சுமம் இருக்கு. ஃபோர்ப்ஸ் போட்ட விசாரணைக் குழுவும் ஒரு பெட்டிதானே.

இதையெல்லாம் போனில் மாமாவுக்குச் சொன்னேன். அரை மணி நேரம். ராணுவ ஆள் இல்லையா, நடுவில் குறுக்கிடாமக் கேட்டார். சட்டப்பிரிவு எல்லாம் சொல்லி முடிச்சதும், "26-ம் பிரிவு தெரியும் மாப்ள. சைனிக் சம்மேளன்ல வாசிச்சுக் காட்டுவாங்க" என்றார். மாசம் ஒருதடவை கமாண்டிங் ஆபீசர் எல்லாச் சிப்பாயையும் உட்கார வச்சுப் பேசுவாராம். 'யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?' என்று கடைசியில் கேட்பாராம்.

"எந்திரிச்சுச் சொல்லுவாங்களா மாமா?"

"சில பேரு சொல்லுவாம். லீவு கிடைக்கலம்பாம். பருப்புல கல்லும்பாம். மத்தத யாரு சொல்லுவா?"

அப்புறம்தான் அந்தக் காதுக் கதையைச் சொன்னார். எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது, அத்தைக்கே தெரியாதாம்.

மாமாவுக்குச் சின்ன வயசில் எங்க பூட்டி காது குத்திக் கடுக்கன் போட்டிருந்தாங்க. குலதெய்வத்துக்கு நேர்ந்துக்கிட்டது. பட்டாளத்தில் சேர்ந்த அன்னிக்கே கடுக்கனைக் கழட்டிப் பெட்டியில் வச்சாச்சு. அதில் அவருக்கு வருத்தம் ஒண்ணும் இல்லை, விதின்னா விதிதான், எல்லாருக்கும் அதுதானே என்கிறார். ஆனா காதில் ஓட்டை இருக்குமில்லையா. பயிற்சி குடுத்த உஸ்தாத் ஒருத்தர், வேற மாநிலத்துக்காரர், தினம் காலையில் வரிசையில் நிக்கும்போது அந்த ஓட்டையைப் பிடிச்சு இழுத்து, "என்ன மகாராணி, தோட்டைக் காணோம்?" என்று இந்தியில் கேட்பாராம். வரிசை முழுக்கச் சிரிக்கும். அட்டென்ஷனில் நிக்கிறவன் கையைத் தூக்க முடியாது. மாமாவுக்கு அப்ப 19 வயசு, இந்தி தெரியாது. என்ன சொல்லிச் சிரிக்கிறாங்கன்னு புரியவே ஒரு மாசம் ஆச்சாம்.

"புரியாம இருந்தப்ப நானும் சேந்துதாம் சிரிச்சேன் மாப்ள" என்றார்.

புகார் குடுக்கலை. யார்கிட்ட குடுக்கிறது, எந்த பாஷையில் குடுக்கிறது? ஒருநாள் வயசான சுபேதார் சாப் ஒருத்தர் தூரத்தில் நின்னு பார்த்துட்டார். பஞ்சாபி. வரிசையைக் கலைக்கச் சொல்லிட்டு, மாமாவை மட்டும் கூப்பிட்டு, காதைப் பார்த்து, யார் குத்தி விட்டதுன்னு சைகையில் கேட்டிருக்கார். மாமா "பாட்டி, தாதி"ன்னு உளறியிருக்கார். சுபேதார் தன் தலைப்பாகையைத் தொட்டுக் காட்டி என்னமோ சொன்னாராம். என்ன சொன்னார்னு மாமாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அடுத்த வாரம் அந்த உஸ்தாத் வேற கம்பெனிக்கு மாறிட்டார்.

"அந்தாளு என்னைய அடிக்கவும் செஞ்சிருக்காம். பூட்ஸால மிதிச்சிருக்காம். அதெல்லாம் பயிற்சில சகஜம், மறந்து போச்சு. காதப் புடிச்சு இழுத்துச் சிரிச்சது மட்டும் மறக்க மாட்டேங்கு."

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. வச்சுட்டாரோன்னு நினைச்சேன்.

"ஏ மாப்ள, அந்த 900 அடி வாங்குனானுங்களே ரெண்டு பேரு... அவனுங்க எந்த ஊருன்னு ஏதும் எழுதியிருக்கா?"

"நான் படிச்ச புத்தகத்துல இல்ல மாமா."

"பாரு. கெடச்சாச் சொல்லு" என்று சொல்லிட்டு, அத்தை மாத்திரை போட்டாளான்னு பார்க்க எழுந்து போயிட்டார்.